பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது: சட்டப்படி யார் பொறுப்பு, என்ன செய்யலாம்? (சென்னை)

மூன்றாம் மாடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கீழே போன அம்மாவை இரண்டாம் மாடிக்காரர்களின் ஜெர்மன் ஷெப்பர்டு கடித்துவிட்டது. அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரையும் உண்டு. நாயைப் பிடித்துக்கொண்டு வந்தது அந்த வீட்டில் வேலை செய்யும் பையன். லிஃப்ட் கதவு திறந்ததும் நாய் பாய்ந்திருக்கிறது, கயிறு அவன் கையை விட்டுப் போய்விட்டது. வலது கெண்டைக்காலில் பல் இறங்கிய இரண்டு குழிகள், அதற்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் கிழிந்து தொங்கியது. தையல் போடவில்லை. கழுவி, மருந்து வைத்து, திறந்தே விட்டிருக்கிறார்கள்.

நாய்க்காரர் மறுநாள் வந்தார். "ஊசிச் செலவைக் கொடுத்துவிடுகிறேன், நாய்க்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறது, உங்கள் அம்மா பயந்து கையை வீசினார்கள், அதனால்தான் கடித்தது" என்றார். அந்தப் பையனை எங்கள் முன்னாலேயே திட்டினார். எங்களுக்குச் சண்டை வேண்டாம். ஆனால் அம்மா இப்போது வாசல் கதவைத் திறக்கவே பயப்படுகிறார். இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? போலீசுக்குப் போனால் எடுத்துக்கொள்வார்களா?

ஆரம்ப சுகாதாரம்

சட்டம் தெரிந்தவர்கள் வரட்டும், நான் செவிலியர் என்பதால் முதலில் இதைக் கேட்கிறேன். காயத்துக்குள்ளேயே ஊசி போட்டார்களா? தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் கடி, அதாவது தீவிரமான வகை. தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினை (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் போட வேண்டும். முதல் நாளில் விட்டுப் போயிருந்தாலும் தடுப்பூசி தொடங்கி 7 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தனியாரில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று அவர்கள் சொன்னதை நம்பி ஒரு டோஸைக்கூட விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற முடியாது.

நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். அது நலமாக இருக்கிறதா, வீட்டிலேயே இருக்கிறதா என்று தினமும் கேளுங்கள். பண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மூன்றாம் மாடி

போட்டார்கள் அக்கா, முதல் நாளே. நன்றி. நாய் வீட்டில்தான் இருக்கிறது, குரைக்கும் சத்தம் கேட்கிறது.

கோர்ட் வாசல்

வழக்கறிஞராகச் சொல்கிறேன். நாய் கடித்தாலே உரிமையாளர் குற்றவாளி என்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அதேபோல, முதல் தடவைதானே கடித்தது, அதனால் வழக்கே இல்லை என்பதும் சரியல்ல. நாயை வைத்திருப்பவர் அதற்குத் தேவையான பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்தாரா இல்லையா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

இபிகோ என்கிற பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 291. தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்கிற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இபிகோ 289தான் இது. அப்போது அபராதம் 1,000 ரூபாய்தான்.

கூடவே பிரிவு 125ஐயும் சேர்ப்பார்கள். கவனக்குறைவான செயலால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரை, கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை. எது கொடுங்காயம் என்பதற்குப் பட்டியல் உண்டு: எலும்போ பல்லோ முறிவது, முகத்திலோ தலையிலோ நிரந்தரத் தழும்பு, இன்னும் சில. 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். இது இபிகோவில் 20 நாளாக இருந்தது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளாகலாம். அதனால் ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் சீட்டு வாங்கி வையுங்கள். தேதி போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் புகைப்படமும் எடுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் மாடி

பார்த்தேன். "நாய்க்கடி, வலது கால்" என்று மட்டும்தான் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

கோர்ட் வாசல்

நான் பார்த்த வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் பலவீனமாகின்றன. விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏஆர் காப்பியில், எந்த நாய், யாருடையது, எங்கே, எத்தனை மணிக்கு என்று இருக்க வேண்டும். "பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய், குடியிருப்பின் லிஃப்ட் வாசலில், காலை 6.15" என்று ஒரு வரி இருந்தாலே போதும். அது இல்லையென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வெளியே தெரு நாய் கடித்ததை என் கட்சிக்காரர் மேல் போடுகிறார்கள் என்பார். இன்றே அந்த மருத்துவமனைக்குப் போய், நடந்ததைச் சொல்லி அடுத்த வருகைக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய சீட்டில் திருத்தம் போடச் சொல்லாதீர்கள், அது வேறு சிக்கலை இழுத்துவிடும்.

பழைய ஏட்டு

35 வருடம் காவல் துறையில் இருந்தவன். தம்பி, முதலில் லிஃப்ட் கேமரா பதிவை எடுங்கள். அடுக்குமாடிகளில் இருக்கும் பெட்டி பெரும்பாலும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டே போகும். சங்கச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, நாளும் நேரமும் நிற்கும். கேமராவில் காட்டும் நேரமும் உண்மையான நேரமும் பல இடத்தில் ஒத்துப்போகாது. பத்து நிமிடம் முன்பின் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், பின்னால் கேள்வி வரும்.

ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் ரசீது கொடுப்பார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டுதான், எஃப்ஐஆர் ஆகாது. 291 என்பது பிடியாணை இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடிய பிரிவு, எஃப்ஐஆர் போட வேண்டும். போடவில்லை என்றால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். சமாதானமாகப் போங்கள் என்று அங்கேயே உட்கார வைத்துப் பேசுவார்கள். பேசலாம், தப்பில்லை. ஆனால் சிஎஸ்ஆர் வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

கருப்பனின் அம்மா

நான் நாய் வளர்க்கிறவள். வீட்டில் ஒரு சிப்பிப்பாறையும் ஒரு நாட்டு நாயும் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு நடந்தது ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் ஒரு சின்னப் பெட்டி. கதவு திறந்ததும் எதிரே ஆள் நின்றால் நாயும் மிரளும். நாய் கெட்டது என்று ஆரம்பித்தால், அடுத்து அதைக் கொல்லு, துரத்து என்றுதான் பேச்சு போகும். எங்கள் குடியிருப்பில் ஒரு சம்பவம் நடந்த பிறகு, ஒரு தப்பும் செய்யாத எங்கள் வீட்டையே காலி பண்ணச் சொன்னார்கள்.

இன்னொன்று, கையை வீசினார்கள் என்று அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாமே? நாயைச் சீண்டினால் பொறுப்பு மாறாதா?

கோர்ட் வாசல்

நியாயமான கேள்வி, அம்மா. சீண்டியது உண்மை என்றால் மாறும். கட்டிப் போட்ட நாயைக் கல்லால் அடித்தவரும், இரவில் சுவர் ஏறிக் குதித்தவரும் பாதுகாப்புக் குறைவு என்று வாதாடுவது கடினம். சிவில் வழக்கில் பாதிக்கப்பட்டவருடைய பங்கும் இருந்தால் இழப்பீட்டை அந்த அளவுக்குக் குறைக்கலாம். சின்னக் குழந்தை என்றால் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது.

ஆனால் பாயும் நாயைப் பார்த்து ஒரு பெரியவர் கையை உயர்த்துவது சீண்டல் ஆகாது, தற்காப்பு. லிஃப்ட் வாசலில் ஆள் நிற்பார்கள் என்பது நாயை இறக்குகிறவருக்கு முன்பே தெரிந்த விஷயம். நாய் மிரளும் என்று நீங்களே சொல்கிறீர்கள் அல்லவா, அந்த மிரட்சியை எதிர்பார்த்து ஏற்பாடு செய்வதுதான் 291 கேட்கும் கடமை. குட்டைக் கயிறு, வாய்மூடி, ஆள் இல்லாதபோது லிஃப்டில் ஏறுவது, அல்லது படியில் இறங்குவது. இதில் எதையாவது செய்தார்களா?

எதிர்த்தரப்பு எப்படி வாதாடும் என்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரையும் கடித்ததில்லை, ஆபத்து நேரக்கூடும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதனால் முன்பு யாரையாவது துரத்தியதா, பல்லைக் காட்டி உறுமியதா, சங்கத்துக்குப் புகார் போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். பழைய வாட்ஸ்அப் குழுச் செய்தி ஒன்று கிடைத்தாலும் அந்த வாதம் நிற்காது.

மூன்றாம் மாடி

இருக்கிறது சார். ஏப்ரலில் தண்ணீர் கேன் போடும் அண்ணன் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார், "இரண்டாம் மாடிக்கு நாயைக் கட்டிவிட்டுக் கூப்பிட்டால்தான் வருவேன்" என்று. நாய்க்காரர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

கோர்ட் வாசல்

அதை அழிக்காமல் வையுங்கள். திரைப் படம் எடுத்தால் மட்டும் போதாது, அந்த மெசேஜ் இருக்கும் போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது மூலம் எங்கே என்று கேட்பார்கள்.

எட்டாம் வகுப்பு அப்பா

கயிற்றைப் பிடித்திருந்தது வேலைக்காரப் பையன். வழக்கு அவன் மேல்தானே போகும்? பிரிவில் 'வசம்' என்றுதானே இருக்கிறது?

கோர்ட் வாசல்

இதைத்தான் எழுத நினைத்தேன், நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஆமாம், 291 உரிமையாளர் என்று சொல்லவில்லை, வசம் வைத்திருப்பவர் என்கிறது. ஊருக்குப் போகும்போது நண்பர் வீட்டில் விட்ட நாய், நாய் விடுதியில் விட்ட நாய் எல்லாம் அதற்குள் வரும். ஆனால் வேலைக்காரர் கையில் கயிறு இருந்தால் உரிமையாளர் தப்பித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. நாய் அந்த வீட்டில், அந்த முதலாளியின் கட்டுப்பாட்டில் இருப்பது. அதை யாரிடம் கொடுத்து வெளியே அனுப்புவது என்று முடிவு செய்தவர் அவர். சிவிலில் இன்னும் தெளிவு: வேலை நேரத்தில் வேலையாள் செய்த கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பு.

வளர்ந்த ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு 30 முதல் 40 கிலோ இருக்கும். அது ஒரு இழு இழுத்தால் பழக்கமில்லாத பெரியவருக்கே தோள் கழன்றுவிடும். அந்தப் பையனுக்கு என்ன வயது? நாயைக் கையாள யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

மூன்றாம் மாடி

அம்மாவிடம் கேட்டேன். 17 என்று அவனே சொன்னானாம். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவனுக்கும் உள்ளங்கையில் கயிறு உரசித் தோல் போயிருக்கிறது, யாரும் மருந்து போடவில்லை. அம்மாதான் மஞ்சள் களிம்பு கொடுத்தார்.

கோர்ட் வாசல்

அப்படியானால் புகாரில் அவன் பெயரை முன்னால் எழுதாதீர்கள். பதினேழு வயதுப் பையனிடம் அப்படிப்பட்ட நாயைக் கொடுத்து, கூட யாரும் வராமல், லிஃப்டில் இறக்கியதுதான் இங்கே கவனக்குறைவு. நடந்ததை அப்படியே எழுதுங்கள்: நாயின் உரிமையாளர் இன்னார், அவர் இப்படி ஏற்பாடு செய்திருந்தார், கயிறு நழுவியது. பையன் இதில் சாட்சி, அவனும் காயப்பட்டவன். அவனை மாட்டிவிட்டு முதலாளி ஒதுங்கிக்கொள்ளும் புகாராக அது ஆகிவிடக் கூடாது. இதை நான் சட்டக் காரணத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

கருப்பனின் அம்மா

இதைப் படித்ததும் என் கருத்து மாறிவிட்டது. என் நாய்களை நானோ என் கணவரோ தவிர யாரும் வெளியே கூட்டிப் போனதில்லை. இரண்டு மாதம் முன்பு வந்த பையனிடம் கொடுத்தது பெரிய தப்பு. கயிற்றை எப்படிச் சுற்றிப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. 2025 கடைசியில் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். நான் அப்போதே இரண்டுக்கும் எடுத்துவிட்டேன்.

சங்கச் செயலாளர் ஒருவர்

நான் வேறொரு குடியிருப்பில் செயலாளர். எங்களிடம் எல்லோரும் நாயையே தடை செய்யுங்கள் என்கிறார்கள். அது முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதலின்படி சங்கம் வளர்ப்புப் பிராணியைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லக் கூடாது. பொது இடத்தில் கயிற்றோடு வர வேண்டும், குழந்தைகள் விளையாடும் நேரத்தில் அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் கட்டடத்தில் நாய் வைத்திருப்பவர்களுக்குச் சர்வீஸ் லிஃப்டை ஒதுக்கினோம், அவர்களே ஒப்புக்கொண்டார்கள், அதன் பிறகு புகார் இல்லை.

அரும்பாக்கம்வாசி

நாய் வேண்டாம் என்றால் ஏன் கேட்கக் கூடாது? 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியது மறந்துவிட்டதா? மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை போட்டதே, என்ன ஆனது?

கோர்ட் வாசல்

மறக்கவில்லை. அந்த வழக்கில் உரிமையாளர் கைதானார். அந்தச் சம்பவத்தைப் பாருங்கள்: இரண்டு பெரிய நாய்கள், வாய்மூடி இல்லை, கயிறும் இல்லை, பொதுப் பூங்கா. இனத்தின் பெயரைத் தூக்கிவிட்டு எந்தப் பெரிய நாயை அங்கே வைத்தாலும் அது 291தான்.

23 இனங்களைத் தடை செய்யச் சொன்ன, 2024 மார்ச் 12 தேதியிட்ட மத்திய அரசுச் சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்பதால். இனத் தடையை நம்பி உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை, இந்த ஜெர்மன் ஷெப்பர்டு அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

குரோய்டன் தமிழன்

லண்டனிலிருந்து. இங்கே 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டப்படி நாய் கட்டுக்கடங்காமல் போனாலே குற்றம். கடிக்கக்கூட வேண்டாம், காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாகப் பயந்தால் போதும். 2014க்குப் பிறகு சொந்த வீட்டுக்குள் நடந்தாலும் பொருந்தும். காயம் என்றால் 5 ஆண்டு, உயிர் போனால் 14 ஆண்டு வரை. உரிமையாளர், அப்போது நாயைப் பிடித்திருந்தவர் இருவர் மேலும் போடலாம். அங்கே இந்தியாவில் கடிக்காவிட்டால் வழக்கு இல்லையா?

பழைய ஏட்டு

இருக்கிறது. 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் சாப்பாடு கொடுக்கப் போன டெலிவரி இளைஞர், நாய் துரத்தியதில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். நாய் கடிக்கவில்லை. உரிமையாளர் மேல் வழக்குப் பதிந்தார்கள். வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திருடனுக்கு எதிராக வேண்டுமானால் அந்தப் பலகை உதவும். தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லாம் வேலைக்காக வருகிறவர்கள், அவர்களுக்குப் பலகை பதில் இல்லை.

வேளச்சேரி இரவு

தெரு நாய் கடித்தால்? எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் தினமும் சோறு வைக்கிறார். அவர்தான் உரிமையாளரா?

கோர்ட் வாசல்

சோறு வைப்பதால் மட்டும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வீட்டுக்குள் படுக்க வைத்து, பட்டை கட்டி, தன் நாய் போல் வைத்திருந்தால் வாதிடலாம். மற்றபடி தெரு நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் கடமை. 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்கு வைத்துக் கொடுத்தது. நம் ஊரில் அதை மேற்கோள் காட்டலாமே தவிர, அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தனி இழை தொடங்குங்கள், விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாம் மாடி

சார், நேற்று புகார் கொடுத்தோம், சிஎஸ்ஆர் கிடைத்தது. கேமரா பதிவும் வந்துவிட்டது, கயிறு நழுவுவது தெளிவாகத் தெரிகிறது. அம்மா கையை உயர்த்துவது நாய் பாய்ந்த பிறகுதான். அதைப் பார்த்ததும் நாய்க்காரர் இறங்கி வந்தார். மருத்துவச் செலவு முழுவதும், கூட ஒரு தொகையும் தருகிறேன், எழுதிக் கொடுங்கள் என்கிறார். அம்மாவுக்குப் பணம் முக்கியமில்லை, திரும்ப லிஃப்டில் அந்த நாயைப் பார்க்கக் கூடாது என்கிறார். நாயை அப்புறப்படுத்தச் சொல்லி வற்புறுத்த முடியுமா?

கோர்ட் வாசல்

ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கவோ அப்புறப்படுத்தவோ உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு (நடுவர் அதிகாரம் உள்ள அரசு அதிகாரி) உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் பிரிவு 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸின் பிரிவு 152. ஆனால் ஒரு கடிக்கு அதுவரை போவது அதிகம் என்பது என் கருத்து. உடன்பாட்டிலேயே எழுதி வாங்குங்கள்: நாய் வெளியே வரும்போது வாய்மூடி, குட்டைக் கயிறு, 18 வயதுக்கு மேற்பட்ட வீட்டு ஆள் ஒருவர் கையில் மட்டும், லிஃப்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மீறினால் 152க்குப் போவோம் என்றும் ஒரு வரி.

தொகை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். "முழுமையும் இறுதியுமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அவர் தட்டச்சு செய்து கொண்டுவந்தால் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். கடைசி டோஸ் முடியவில்லை, புண் ஆறவில்லை, தழும்பு எப்படி நிற்கும் என்று தெரியாது. இதுவரையிலான செலவைப் பெற்றுக்கொண்டதாக மட்டும் ரசீது கொடுங்கள். மீதி பிறகு.

வக்கீல் வைக்கச் செலவாகுமே என்று தயங்கினால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அம்மா பெயரிலேயே மனு கொடுக்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே இரு தரப்பையும் அழைத்து லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்து வைப்பார்கள். அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, வெறும் வெள்ளைத் தாளில் எழுதியதற்கு அது கிடையாது.

காலக்கெடுவும் இருக்கிறது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எஃப்ஐஆர் பதிவாகவோ நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகவோ வேண்டும். 291 அதில் வரும். பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே போனால் அந்தக் கதவு மூடிவிடும்.

மூன்றாம் மாடி

புரிந்தது. பையனுடைய கைக்கும் மருத்துவச் செலவு கொடுக்க வேண்டும் என்று உடன்பாட்டில் சேர்க்கலாமா? அம்மா கேட்கச் சொன்னார்.

கோர்ட் வாசல்

தாராளமாகச் சேர்க்கலாம், தனிப் பத்தியாக எழுதுங்கள். கயிறு உரசியதா, பல்லும் பட்டதா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடச் சொல்லுங்கள். பல்லோ எச்சிலோ பட்டிருந்தால் அவனுக்கும் ஊசி தொடங்க வேண்டும்.

ஆரம்ப சுகாதாரம்

இன்றே காட்டுங்கள். அருகில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். தனியாக வரப் பயப்படுவான், உங்களில் ஒருவர் கூடப் போங்கள்.